தேனீ வளர்ப்போர் தொலைபேசிக் கையேடும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரும்

தொடர்பு விவரக் கையேடு ஒன்றை வீட்டுக் கணினியிலேயே தட்டச்சு செய்து, அச்சுக்குக் கொடுக்கும் அளவுக்கு ஒழுங்காக அமைக்க லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற ஆவண மென்பொருள் தாராளமாகப் போதும். காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. குமரி மாவட்டத்தின் அருமனை, குலசேகரம், திருவட்டாறு வட்டாரத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சங்கத்தின் எழுத்து வேலை என் பொறுப்பு. முந்நூறை நெருங்கும் பெயர்கள், வீட்டுப்பெயர், ஊர், ஒன்றோ இரண்டோ எண்கள். இவ்வளவையும் கைப்பையில் அடங்கும் புத்தகமாக ரைட்டரில் செய்து முடித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கைபேசியில்தான் எல்லா எண்ணும் இருக்கிறதே, அச்சிட்ட கையேடு எதற்கு என்று கேட்பவர்கள் ரப்பர் தேன் சீசனில் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பிறகு துளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். எங்கள் தேனில் பெரும்பங்கு அந்த நீர்தான், பூவிலிருந்து வருவது குறைவு. அதற்காகத்தான் பெட்டிகளை எஸ்டேட் எஸ்டேட்டாகக் கொண்டுபோய் இறக்குகிறோம். அதே துளிர்க் காலத்தில்தான் இலையில் சாம்பல் நோயும் வரும், தோட்டக்காரர்கள் கந்தகத் தூள் தூவுவார்கள். நாளைக் காலை தூவப் போகிறார்கள் என்றால், பக்கத்தில் பெட்டி இறக்கியிருக்கும் அத்தனை பேருக்கும் இன்று இரவே சொல்லியாக வேண்டும். நோய்ச் செய்தியும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் (தாய்லாந்தின் பெயரால் வழங்கும்) நோய் வந்து இந்த மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானதை நினைவு வைத்திருப்பவர்கள், ஒரு பெட்டியில் புழு செத்துக் கிடந்தாலே அடுத்த தோட்டத்துக்காரரை அழைத்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்கும் கைபேசி ஒருவரிடம்தான் இருக்கும். அதில் எல்லோருடைய எண்ணும் இருக்காது. அங்கே கையேடுதான் உதவும்.

முந்தைய பதிப்பை ஒரு டிடிபி கடையில் கொடுத்துச் செய்தோம். அச்சு நன்றாகவே வந்தது. அடுத்த பதிப்புக்குத் திருத்தம் செய்யக் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், தமிழே இல்லை. பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றி மூலம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றினேன். பெயர்கள் மீண்டு வந்தன. ஆனால் மாற்றி என்பது கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் கருவி. ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் தமிழ் எழுத்துகளாக்கி வைத்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. சங்கம், தேவாலயப் பங்கு, குடியிருப்போர் அமைப்பு என்று எதற்காகக் கையேடு செய்தாலும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். வெளியில் கொடுத்துச் செய்வதானால், யூனிகோடு கோப்பைத் தருவீர்களா என்று கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

லிப்ரே ஆபிஸ் முற்றிலும் இலவசம். ஓபன் ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்தது. தி டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். என் வீட்டுப் பழைய கணினியிலும் திணறவில்லை. தமிழ் முகப்பும் கிடைக்கிறது. நான் ஆங்கில முகப்பையே வைத்திருக்கிறேன், தொலைபேசியில் யாரிடமாவது விளக்கம் கேட்கும்போது இருவருக்கும் ஒரே மெனுப் பெயர் இருப்பது வசதி.

நிறுவியவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இதைச் செய்யாதவர்கள்தான் ரைட்டரில் தமிழ் சரியாக வருவதில்லை என்று கைவிடுகிறார்கள். 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' போய், மொழிக்கான பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரைட்டர் ஆங்கில எழுத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு வேறொரு எழுத்துரு என்று ஒவ்வொரு பாராவுக்கும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. டிக் செய்த பிறகுதான் இரண்டாவது பெட்டி நம் கண்ணில் படும்.

இதில் எண்களின் நிலை விசித்திரமானது. தொலைபேசி எண் ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. அதனால் ரைட்டர் அதை அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்துவிடுகிறது. தமிழ்ப் பெயரை அடுத்து வரும் எண் தமிழ் எழுத்துருவில் வரும். தனி வரியில் எண் மட்டும் இருந்தால் ஆங்கில எழுத்துருவில் வரக்கூடும். எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் விவசாயிகளுக்கான உதவி மையமான கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணைத் தனி வரியில் பெரிதாகப் போட்டிருந்தேன். உள்ளே இருக்கும் எண்களைவிட அதன் 1 மெலிந்தும் 8 அகன்றும் தெரிந்தது. அளவை எவ்வளவு மாற்றினாலும் பொருந்தவில்லை, ஏனென்றால் எழுத்துருவே வேறு. தமிழும் ஆங்கிலமும் எண்ணும் சேர்ந்தே இருக்கும் ஓர் எழுத்துருவை எடுத்து, இரண்டு பெட்டியிலும் அதையே, ஒரே அளவில் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நான் முக்த மலரைப் பயன்படுத்துகிறேன். இலவசம், சிறிய அளவிலும் கண்ணை உறுத்தாது. இந்த மென்பொருளின் மீது எனக்குள்ள முதல் குறை இந்த இரட்டைக் கணக்குதான். தெரிந்துகொண்டால் ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு இதைச் சொல்லித் தரும் இடம் அந்தத் திரையில் எங்குமே இல்லை.

முக்த மலரில் வரிகளுக்கு இடையே இடைவெளி சற்று அதிகம். பக்கங்களைக் குறைக்க வேண்டும் என்றால், பாரா அமைப்பில் வரி இடைவெளியை 'பிக்ஸ்ட்' என்று மாற்றி அளவு கொடுக்கலாம். 10.5 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி கொடுத்தேன். அந்தப் பெட்டி சென்டிமீட்டரில் காட்டும், 0.53 என்று வைத்தால் அதே அளவு. அதற்கும் கீழே இறக்கினால் மேல்சுழி வெட்டுப்படும். 'வீடு', 'கீழவிளை' போன்ற சொற்களில் மேலே வளையும் கொம்பு பாதியில் அறுந்து நிற்கும். திரையில் சட்டென்று தெரியாது, அச்சில் பல்லிளிக்கும். நம் ஊர் வீட்டுப்பெயர்களில் பாதிக்கு மேல் விளையிலும் வீட்டிலும்தானே முடிகின்றன!

அடுத்தது, பெயரையும் எண்ணையும் எப்படி அடுக்குவது என்பது. பெரும்பாலானோர் முதலில் போவது அட்டவணைக்கு. ஏ4 தாளில் அலுவலகத்துக்கு ஒட்டி வைக்க அட்டவணை நல்லதுதான். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் தானாகத் திரும்ப வரும், ஒரு வரி இரண்டு பக்கமாகப் பிளந்து போகாமல் தடுக்கவும் வசதி இருக்கிறது. ஆனால் பையில் வைக்கும், ஏ4-இல் பாதியான ஏ5 அளவுக்கு அட்டவணை ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. பெயர், வீட்டுப்பெயர், ஊர், எண் என்று நான்கு கட்டம் போட்டால் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறாது. 'மணவாளக்குறிச்சி' அதில் அடங்குமா? கடைசி எழுத்துகள் மட்டும் அடுத்த வரியில் தனியாக விழும். எழுத்தைச் சிறிதாக்கினால் எங்கள் உறுப்பினர்களில் வயதானவர்களுக்குப் படிக்க முடியாது. மாதிரிப் பக்கத்தைக் காட்டியபோது மூத்த தேன்காரர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "மக்களே, பெயர் சிறிதாக இருந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். எண்ணில் ஒன்று தப்பினால் யார் வீட்டுக்கோ அல்லவா போகும்!"

அவர் சொன்னதை வைத்தே பக்கத்தை அமைத்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு வரி. முதல் வரியில் இடது ஓரம் தடித்த எழுத்தில் பெயர், வலது ஓரம் எண், நடுவில் புள்ளிக்கோடு. இரண்டாம் வரியில் வீட்டுப்பெயரும் ஊரும், இன்னொரு எண் இருந்தால் அதுவும் வலது ஓரத்தில். புள்ளிக்கோட்டை யாரும் விசையைத் தட்டித் தட்டிப் போடக் கூடாது. பாரா அமைப்பில் 'டேப்ஸ்' என்ற பக்கத்தில் வலது வகை டேப் ஒன்றை வைத்து, நிரப்பும் குறியாகப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், பெயர் எவ்வளவு நீளமானாலும் குறைந்தாலும் புள்ளிகள் தாமாக நீண்டு சுருங்கி எண்ணைச் சரியாக ஓரத்தில் நிறுத்தும். டேப்பின் இடத்துக்குக் கணக்கு எளிது. ஏ5 தாளின் அகலம் 14.8 சென்டிமீட்டர், தையல் பக்கம் 2, வெளிப்பக்கம் 1.3 விட்டால் மீதி 11.5. வலது டேப் அங்கேதான். பக்க அமைப்பில் 'மிரர்டு' என்று வைத்தால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஓரம் தானாக மாறிக்கொள்ளும்.

இந்த அமைப்பு முழுவதையும் 'ஸ்டைல்' என்ற வசதியில் பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். எஃப்11 அழுத்தினால் வலப்பக்கம் ஸ்டைல் பட்டியல் வரும். 'பெயர் வரி', 'முகவரி வரி' என்று இரண்டு உருவாக்கினேன். ரைட்டரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். எல்லா வரிகளும் அச்சிட்ட பிறகு சற்று நெருக்கமாகத் தெரிகின்றன என்றால், ஸ்டைலில் ஒரே இடத்தில் மாற்றினால் முந்நூறு பெயரும் அந்த நொடியே மாறும். வேர்டிலும் ஸ்டைல் உண்டு. ஆனால் ரைட்டரில் பக்கத்துக்கும் தனி ஸ்டைல் இருக்கிறது. முன்பக்கங்கள், உள்பக்கங்கள், பின்னால் குறிப்பெழுதும் வெற்றுப் பக்கங்கள் என்று வெவ்வேறு ஓரமும் தலைப்பும் கொடுப்பது இதில் மிகத் தெளிவு.

விவரங்களைச் சேர்ப்பதற்கு மட்டும் லிப்ரே ஆபிஸிலேயே இருக்கும் கால்க் விரிதாள் நல்லது. பெயர், எண், வீட்டுப்பெயர், ஊர் எனத் தனித்தனிக் கட்டங்களில் வைத்திருந்து, ஊர் ஊராகப் பிரித்து, 'அன்பார்மேட்டட் டெக்ஸ்ட்' ஆக ரைட்டரில் ஒட்டினால், ஒரு ஆள் ஒரு பாராவாக, நடுவே டேப்புகளோடு வந்து சேரும். மெயில் மெர்ஜ் வழியும் இருக்கிறது. ஆனால் அது ஓர் ஆளுக்கு ஒரு கடிதம் என்ற எண்ணத்தில் அமைந்தது. ஒரே பக்கத்தில் பலரைக் கொண்டுவர ஒவ்வொரு பெயருக்கு இடையிலும் 'நெக்ஸ்ட் ரெக்கார்டு' என்ற குறியைச் செருக வேண்டும். எங்கள் அளவுக்கு அது தேவையற்ற சுற்று.

வரிசைப்படுத்துவதில் ரைட்டர் தமிழுக்கு மரியாதை தருகிறது. பாராக்களைத் தேர்ந்தெடுத்து 'டூல்ஸ்' மெனுவில் 'சார்ட்' திறந்தால், கீழே மொழி கேட்கும். அதில் தமிழைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் விட்டால் 'செலின்' முன்னால் வந்து 'செல்வராஜ்' பின்னால் போவார். தமிழைக் கொடுத்தால் அகராதிபோல மெய்யெழுத்து முதலில் வரும்: செல்வராஜ், அடுத்துச் செலின். ஜெயசீலன், ஜெபமணி, ஜாண் எல்லாரும் தமிழ் எழுத்துகள் முடிந்த பிறகு கடைசியில் வரிசையாக நிற்பார்கள். எங்கள் மாவட்டத்தில் ஜ-வில் தொடங்கும் பெயர் ஏராளம் என்பதால், அவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது தேடுகிறவருக்கும் சௌகரியம்.

ஆனால் எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாத ஒன்றை நாம்தான் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தால் வரிசை நாசமாகிவிடும். எஸ், எம், என், எல், எப் எல்லாம் தமிழில் எழுதினால் எ-வில்தான் தொடங்கும். பாதி ஊரே எ-வில் குவிந்துவிடும். அதனால் பெயர் முதலில், தலைப்பெழுத்து பிறகு. ஒரே ஊரில் நான்கு செல்வராஜ் இருந்தாலும் கவலையில்லை, கீழ்வரியில் வீட்டுப்பெயர் பிரித்துக் காட்டிவிடும். குமரி மாவட்டக் கையேட்டில் வீட்டுப்பெயரை இடம் போதவில்லை என்று யாரும் வெட்டிவிட வேண்டாம். தபால்காரர் முதல் பெண் பார்க்க வருகிறவர் வரை அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

இப்போது என் இரண்டாவது குறை. ஒரு பாராவை இரண்டு வரியாக்க, வீட்டுப்பெயருக்கு முன்னால் டேப் இருக்கும் இடத்தில், பாராவை உடைக்காமல் வரியை மட்டும் மாற்றும் ஷிப்ட் எண்டர் போட வேண்டும். 'பைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' மூலம் ஒரே தட்டில் முடித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியால் ஷிப்ட் எண்டரைத் தேட முடியும், புதிதாகப் போட முடியாது. அதே குறியை மாற்றுப் பெட்டியில் கொடுத்தால் முழு எண்டராகப் போட்டு, பாராவையே இரண்டாக உடைத்துவிடும். இத்தனை ஆண்டுகள் வளர்ந்த மென்பொருளில் இது இன்னும் இப்படியே இருப்பது எனக்கு வருத்தம்தான்.

உடைந்தாலும் வழி இருக்கிறது. வரிசைப்படுத்தும் வேலை முழுவதையும் முடித்துவிட்டு உடையுங்கள். உடைப்பதற்கு முன் விரிதாளிலேயே வீட்டுப்பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்துவிடுங்கள். உடைத்த பிறகு, நட்சத்திரத்தில் தொடங்கும் பாராக்களை 'பைண்ட் ஆல்' மூலம் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, 'முகவரி வரி' ஸ்டைலை இருமுறை சொடுக்கினால் அனைத்துக்கும் அது பொருந்திவிடும். பிறகு நட்சத்திரங்களை நீக்கிவிடலாம். 'பெயர் வரி' ஸ்டைலின் 'டெக்ஸ்ட் ப்ளோ' பக்கத்தில் 'கீப் வித் நெக்ஸ்ட் பாராகிராப்' டிக் செய்தால், பெயர் ஒரு பக்கத்தின் அடியிலும் வீட்டுப்பெயர் அடுத்த பக்கத்தின் தலையிலும் பிரிந்து நிற்காது.

கைபேசி எண்களை ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போட்டேன். பத்து இலக்கம் ஒட்டி நின்றால் வயதானவர்கள் நடுவில் தடுமாறுகிறார்கள். பிரிக்கும் இடத்தில் சாதாரண இடைவெளி வேண்டாம், கண்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி வரும் உடையாத இடைவெளியைப் போடுங்கள். எண் வரியின் கடைசியில் இரண்டாகப் பிளக்காது. வீட்டுத் தொலைபேசி வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் 04651, நாகர்கோவில் பக்கம் 04652 என்ற குறியீட்டைச் சேர்த்தே எழுதுவது நல்லது. ஒரே மாவட்டம்தானே என்று விட்டுவிட்டால் கைபேசியிலிருந்து அழைக்கும்போது போகாது.

ஊர்ப்பெயர்களுக்குத் தலைப்பு ஸ்டைல் கொடுத்தால் உள்ளடக்கப் பக்கத்தை ரைட்டரே தயாரித்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அந்தப் பக்கத்துக்குரிய ஊர் தானாக வந்து நிற்கும்படியும் செய்யலாம். புரட்டும்போது 'குலசேகரம்', 'திருவட்டாறு' என்று ஓரத்திலேயே தெரிவது பெரிய உதவி. அச்சிடும்போது 'ப்ரோஷர்' என்ற தேர்வைக் கொடுத்தால், ஏ4 தாளில் இரண்டிரண்டு பக்கமாக, மடித்து நடுவில் பின் அடிக்கும் வரிசையில் வரும். மொத்தப் பக்கம் நான்கால் வகுபடும்படி பார்த்துக்கொண்டால் வெற்றுப் பக்கம் எங்கே வருகிறது என்பது நம் கையில் இருக்கும்.

அச்சகத்துக்குக் கொடுப்பது பிடிஎஃப் மட்டுமே. ரைட்டர் கோப்பை வேர்டு வடிவத்தில் சேமித்து வேறு கணினியில் திறந்தால், எழுத்துரு இல்லாமல் போனாலே போதும், வரிகள் இடம் மாறி ஊர்த்தலைப்பு பக்கத்தின் அடிக்குப் போய்விடும். பிடிஎஃப்பில் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் பிசகாது. வாட்ஸ்அப்பில் உறுப்பினர்களுக்கு அனுப்பும் பிரதிக்கு, ஏற்றுமதிப் பெட்டியின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் கடவுச்சொல் வைத்துவிடுகிறேன். முந்நூறு பேரின் எண்ணும் வீட்டுப்பெயரும் ஒரே கோப்பில் இருக்கின்றன. அது கைமாறிக் கைமாறி, கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் போய்ச் சேருவதை யாரும் விரும்ப மாட்டார்கள். எண்ணைப் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே போட்டிருக்கிறோம். வேண்டாம் என்ற சிலருக்குப் பெயரும் ஊரும் மட்டும் இருக்கின்றன, புள்ளிக்கோடு இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். பிடித்துக்கொண்ட ஒன்று இரட்டை எழுத்துருக் கணக்குக்கும் அந்த ஷிப்ட் எண்டருக்குமாக. பத்திருபது எண்களை மட்டும் தாளில் எடுக்க வேண்டியவர் இவ்வளவு தூரம் போக வேண்டாம், அட்டவணை ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஆள் கூடிக் குறையும் சங்கங்களுக்கும் பங்குகளுக்கும்தான் இந்த மென்பொருள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அவருடைய ஊரில் அவருடைய வரிசையில் இரண்டு வரி சேர்த்து ஸ்டைலைக் கொடுத்து, உள்ளடக்கத்தை 'அப்டேட்' செய்தால், அடுத்த ஜனவரிப் பதிப்பு தயார்.